ஒயரின் இரண்டு முனை

போன மாதம் என் பழைய நண்பர் ஒருவரின் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். செல்போனில் கிரிக்கெட் காட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். சந்தா கட்டிவிட்டால் உலகத்தில் எங்கே ஆட்டம் நடந்தாலும் கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற கம்பெனி. "அங்கிள், ஒரு பந்து போடும்போது எத்தனை பேர் பாக்கறாங்கன்னு எங்க ஆபீஸ் சுவத்துல நம்பர் ஓடிட்டே இருக்கும். உங்க காலத்துல இதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு யாராவது பழைய ஆள் எழுதித் தர வேண்டுமாம்.

"நடந்து தெரிஞ்சுக்கிட்டோம்மா" என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம், வேலூரிலிருந்து ஆம்பூர் வரை, குடியாத்தம், அணைக்கட்டு என்று தெருத்தெருவாக, எந்த வீட்டில் எங்கள் விளையாட்டுச் சேனல் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டு நடந்தவன் நான். என் செருப்புகளைக் கேட்டால் அவை இன்னும் விவரமாகச் சொல்லும்.

அதற்கு முன்னும் எண்ணுகிற வேலைதான். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் பதினேழு வருஷம் பச்சைத் தோல் எண்ணினேன். உப்புப் போட்ட ஆட்டுத்தோலை இரண்டு பேர் தூக்கித் தூக்கிப் போடுவார்கள், நான் வாய்விட்டு எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்க மாட்டோம், 'லாபம்' என்போம். அப்புறம் இரண்டு, மூன்று. ஐந்து ஐந்தாக விரல் மடக்கி நூறு வந்ததும் சுவரில் ஒரு கோடு. எதிர்த்தாற்போல் நின்று யார் பேச்சுக் கொடுத்தாலும் என் கணக்கு தப்பாது. இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்து டேனரிகள் பலவற்றுக்குப் பூட்டு விழுந்தது. என் வேலையும் போயிற்று. அப்போதுதான் வேலூரில் ஒரு ஏஜென்சியில் எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். தோல் நாற்றம் இல்லாத வேலை என்பதே என் மனைவி ரூத்துக்குப் பெரிய சந்தோஷம்.

தொழில் இதுதான். முதலில் எல்லாருக்கும் சும்மா தெரிந்துகொண்டிருந்த விளையாட்டுச் சேனல் கட்டணச் சேனலாக மாறியது. மொட்டை மாடியில் குடை ஆன்டெனா வைத்திருக்கும் கேபிள்காரர், எங்கள் ஏஜென்சியிடம் ஒரு டீகோடர் பெட்டியும் அதற்குள் செருகும் கார்டும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் வெறும் புள்ளிதான் ஓடும். அவர் எத்தனை வீட்டுக்கு ஒயர் கொடுத்திருக்கிறாரோ அத்தனை வீட்டுக்கு எங்களுக்குக் கட்ட வேண்டும். முன்னூறு வீடு வைத்திருப்பவர் நூறு என்று எழுதிக் கொடுப்பார். நூறு இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த நூறுக்கும் முன்னூறுக்கும் நடுவில் இருக்கிற தெருக்களில் நடப்பதுதான் என் உத்தியோகம். எனக்குக் கொடுத்த பயிற்சி இரண்டு வாரம், ஒரு நோட்டு, ஒரு பை.

மூன்றாம் வருஷம் எங்களுக்கு மேலதிகாரியாக ஜெயசீலி மேடம் வந்தார். எனக்கு வயது நாற்பத்தைந்து, அவருக்கு இருபத்தெட்டு இருந்தால் அதிகம். நாசரேத் பக்கத்துக்காரர், சென்னையில் படித்தவர். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து, எண்ணுகிற நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் அந்த ஷூ எதற்கு என்று புரிந்துவிட்டது. எங்களோடு நடந்தார். எங்களைவிட வேகமாக நடந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம். கேள்வி கேட்கும்போது எழுந்து நிற்பார். கேட்டு முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பதில் முடிகிறவரை அசைய மாட்டார். எதிரே இருப்பவன் ஆபீஸ் பியூனானாலும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் மேலதிகாரி உட்கார்ந்துகொண்டு கேட்டும், நாங்கள் நின்றுகொண்டு பதில் சொல்லியும் பழக்கம். தலைகீழாக நடந்தபோது முதலில் கூச்சமாக இருந்தது. இன்னொரு பழக்கம், எண்ணி முடிக்கும்வரை கேபிள்காரர் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். தண்ணீரும் சொந்த பாட்டிலில்தான்.

குடியாத்தத்தில் ஒரு கேபிள்காரரை எண்ணியபோதுதான் அவருடைய சட்டம் பிறந்தது. லுங்கி நெய்யும் தறி வரிசையில் ஒரு வீடு. கம்பத்திலிருந்து ஒரே ஒயர் உள்ளே போனது. நான் ஒன்று என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். மேடம் ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே வீட்டுக்குள் போனார். தறிக்குழிக்கு அடியில் நுழைந்து, பின்கதவு வழியாக வெளியேறி, கோழிக்கூண்டுக்கு மேலே ஏறி, பக்கத்துத் தறிக்கொட்டகைகளில் நாலு டிவிக்கு அது பிரிந்து போயிருந்தது. பாவு நூல் ஒட்டிய தலையோடு வெளியே வந்தார். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் புதிதாக ஒரு பத்தி. கம்பம் எண், ஒயர், வீட்டுக்காரர் பெயர், அதற்குப் பக்கத்தில் 'இரு முனை'. கம்பத்தில் இருக்கும் சின்ன உலோகப் பெட்டியில் ஒயரின் ஒரு முனையைத் தொட வேண்டும். வீட்டுக்குள் டிவிக்குப் பின்னால் மறு முனையைத் தொட வேண்டும். இரண்டும் தொட்டால்தான் அந்தப் பத்தியில் டிக். முடித்த கம்பத்தின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு. மாலையில் ஆபீஸுக்குத் திரும்பியதும் மேடம் எழுந்து நிற்பார். "ரெண்டு முனையும் தொட்டீங்களா?" என்பார். நான் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்னால்கூட அதையே கேட்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இனி நான் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதை ரூத்தைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆம்பூர் ஓரத்தில் முனிரத்தினம் என்று ஒரு கேபிள்காரர். டேனரியில் டிரம் ஓட்டியவர். குரோமியத் தண்ணீர் பட்டுப் பட்டு முழங்கைவரை தோல் வெடித்துப் போக, டாக்டர் அந்த வேலையே கூடாது என்றுவிட்டார். கையில் இருந்ததைப் போட்டுக் குடை ஆன்டெனா வாங்கி, இரண்டு தெருவுக்கும் அவற்றை ஒட்டிய சந்துகளுக்கும் ஒயர் இழுத்தார். மனைவி பரிமளா வீட்டிலேயே ஷூ தைப்பார். ஷூவின் மேல்பாகத்தை, அங்கே 'அப்பர்' என்பார்கள், கம்பெனிக்காரர்கள் வீடுவீடாகக் கொடுத்துக் கையால் தைத்து வாங்குவார்கள். அந்தத் தெருக்களில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை. முனிரத்தினம் எங்களுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு முன்னூறு வீடு. அந்த வட்டாரத்தில் அவ்வளவு சின்னக் கேபிள்காரர் யாரும் அவ்வளவு பெரிய எண்ணை எழுதிக் கொடுத்ததில்லை. முன்னூறு என்று சொல்கிறவனிடம் ஆயிரம் இருக்கும் என்று நான் நினைத்தேன். தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்த புத்தி அது.

ஒரு பெரிய கிரிக்கெட் தொடர் வெள்ளிக்கிழமை தொடங்குவதாக இருந்தது. அதற்குள் நாலு கேபிள்காரர்களை எண்ணி முடிக்க வேண்டும். கடைசியாக மிச்சம் இருந்தவர் முனிரத்தினம், மிச்சம் இருந்த நாள் ஞாயிறு. அன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வரும் பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் சாயங்காலம் ஏலம் போடுவது வருஷா வருஷம் நான்தான். டேனரியில் கத்தி எண்ணிய தொண்டை அல்லவா. நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று போதகரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

காலையில் ஆம்பூரில் இறங்கிப் போய்ப் பார்த்தால் தெருவில் பாதி வீடு பூட்டு. சிலர் கோயிலுக்கு, சிலர் ஒரு கல்யாணத்துக்கு. முனிரத்தினமும் குடும்பத்தோடு அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பூட்டிய வீட்டில் டிவியை எப்படித் தொடுவது? அவர்கள் திரும்பும்வரை காத்திருந்திருக்க வேண்டும், ஆனால் நாலு மணிக்கு ஏலம். தெரு முனையில் பாதி கட்டி நின்ற மூன்று மாடிக் கட்டடம் ஒன்று கண்ணில் பட்டது. ஏறிப் போய் மேலே நின்றேன். இரண்டு தெருவும் சந்துகளும் கைவிரித்தாற்போல் தெரிந்தன. முனிரத்தினம் நட்ட கம்பங்களிலிருந்து வீடுகளின் கூரை விளிம்புக்குக் கறுப்பு ஒயர்கள். லாபம், இரண்டு, மூன்று. இரண்டு மணி நேரம், ஐந்து ஐந்தாக. ஒருமுறைக்கு இருமுறை எண்ணினேன். ஐந்நூற்று எண்பத்தாறு.

என் கணக்கு என்றைக்காவது தப்பியிருக்கிறதா? நோட்டில் 'இரு முனை' பத்தி முழுவதும் அங்கேயே செங்கல் மேல் உட்கார்ந்து டிக் போட்டேன். அன்று சாயங்காலம் ஒரு பூசணிக்காயை எங்கள் சபையில் அதுவரை போகாத விலைக்கு ஏலம் விட்டேன். ரூத் மூக்கின் மேல் விரல் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை நோட்டை மேடம் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"சாமுவேல் சார், ரெண்டு முனையும் தொட்டீங்களா?"

"தொட்டேன் மேடம்."

அவர் உட்கார்ந்தார். ஏதோ இன்னும் கேட்கப் போகிறார் என்பது போலச் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அப்போதெல்லாம் எச்சரிக்கை, அவகாசம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அறிக்கை சென்னைக்குப் போனால், அங்கே ஒரு பொத்தானைத் தட்டுவார்கள், ஆம்பூரில் பெட்டிக்குள் இருக்கிற கார்டு செத்துவிடும். புதன்கிழமை மதியம் முனிரத்தினத்தின் கார்டு செத்தது. அவர் ஆபீஸுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். எண்ணியாச்சு, ஐந்நூற்று எண்பத்தாறுக்கு எழுதிக் கொடுத்தால் உடனே திறப்பார்கள் என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு வைத்துவிட்டார். எனக்கு அது குற்றவாளியின் மௌனமாகப் பட்டது.

ஒரு கேபிள்காரருக்கு அந்த வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பேட்டையில் ஒரு பெரிய கேபிள்காரர் இருந்தார். தொடர் தொடங்கும் நாளில் ஒருவரிடம் கிரிக்கெட் தெரியவில்லை என்றால், பெரியவரின் ஆட்கள் ஒயர் சுருளோடு தெரு முனைக்கு வந்துவிடுவார்கள். ஒரு வீடு மாறினால் அது திரும்பாது. ஐம்பது வீடு மாறினால் மிச்சம் தானாக மாறும். முனிரத்தினத்துக்கு அந்தத் தொழிலும் போனால் வெடித்த கையோடு மறுபடியும் டிரம்முக்குத்தான் போக வேண்டும்.

வியாழக்கிழமை நாங்கள் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. மேடத்துக்கு முன்னால் வந்து பையைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தார். நாலு முழம் கறுப்பு கேபிள் ஒயர். அதில் இரண்டு ஜோடி ஷூ அப்பர்கள் தொங்கிக்கொண்டிருந்தன, பழுப்பு நிறம், தையல் ஈரம் இன்னும் காயவில்லை.

"சார், இதுல கிரிக்கெட் வருதா பாருங்க" என்றார் என்னிடம்.

எனக்குப் புரியவில்லை. மேடத்துக்கும் புரியவில்லை. மேடம் நின்றபடி, இது என்ன என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். முனிரத்தினம் சொன்னார். கையால் தைப்பதற்கு முன் தோலை நனைத்து இளக்க வேண்டும். தைத்த பிறகு நிழலில் காய வேண்டும். கயிற்றில் போட்டால் நார் ஒட்டும், இரும்புக் கம்பியில் போட்டால் துருக் கறை படியும், கறை படிந்த ஜோடியைக் கம்பெனி திருப்பிவிடும். கேபிள் ஒயர் மேல் வழவழவென்று பிளாஸ்டிக் உறை. பரிமளா முதலில் ஒரு பழைய துண்டைக் கட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீடு கேட்டது, அப்புறம் தெருவே கேட்டது. முனிரத்தினம் மழையில் வீணான ஒயர் சுருளையெல்லாம் வெட்டி வெட்டிக் கொடுத்தார். ஒரு முனை வீட்டுக் கூரையில், மறு முனை அவருடைய கம்பத்திலேயே, தலை உயரத்தில். சனிக்கிழமை எல்லாரும் தைத்ததைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒயரெல்லாம் காலி.

மேலே நின்று பார்ப்பவனுக்கு ஒயரின் உயரம் தெரியாது. கீழே நடந்திருந்தால் என் நெற்றியிலேயே இடித்திருக்கும்.

மேடம் அந்த ஒயரின் இரண்டு முனைகளையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் முடிச்சு. பிறகு எழுந்து நின்றார். முனிரத்தினத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதே கேள்விதான். குரலும் அதே குரல்தான்.

"இல்ல மேடம்" என்றேன். "மாடியில ஏறி நின்னு எண்ணினேன். ஒண்ணைக்கூடத் தொடல."

அவர் உட்காரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, ஆம்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எனக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் முனிரத்தினம் ஜன்னல் ஓரம், நான் நடுவில், மேடம் முன் சீட்டில். வேலை போகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அந்த நேரத்தில் என் வேலையைவிட என் பக்கத்தில் இருந்த அந்தக் கைகள்தான் எனக்குப் பயமாக இருந்தன. வெடிப்புகளில் ஏதோ வெள்ளைக் களிம்பு தடவியிருந்தார்.

தெரு முனையில் பெரிய கேபிள்காரரின் ஆட்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். மேடம் ஒரு கோடியிலிருந்து தொடங்கினார், நான் மறு கோடியிலிருந்து. அன்று வேலை நாள். நான் ஞாயிறன்று எண்ணிய ஒயர்களில் கிட்டத்தட்டப் பாதியில் ஜோடி ஜோடியாகத் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு வாசலில் நான் தலை குனிந்து நுழைய, ஊசியை நிறுத்தாமல் ஒரு அம்மாள் கேட்டார், "ஞாத்திக்கிழமை அந்த மாடி மேல நின்னது நீதானாப்பா? காக்கா ஓட்டற ஆளுன்னு நெனச்சேன்."

பரிமளா என்னை உள்ளே விடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "எங்க வூட்டுக்காரர் எழுதிக் குடுத்தது கம்மியா இருந்தா கார்டை புடுங்கு. சரியா எழுதிக் குடுத்தவனை இன்னாத்துக்கு சார் பேஜார் பண்றீங்க?" என்றார். தப்பு என்னுடையதும்மா, தொடாமல் எழுதிவிட்டேன் என்றேன். அவர் நகர்ந்து வழி விட்டார். "போய்த் தொடுங்க" என்றார்.

தொட்டேன். ஒவ்வொரு கம்பத்திலும் பெட்டியைத் திறந்து ஒரு முனை, வீட்டுக்குள் டிவியின் முதுகில் மறு முனை. சாக்பீஸ் கோடு. அடுத்த கம்பம். மதியம் சாப்பிடவில்லை, மேடமும் சாப்பிடவில்லை. நாலரை மணிக்கு இருவரும் நடுத்தெருவில் சந்தித்தோம். அவர் நோட்டில் நூற்று அறுபத்து நாலு, என் நோட்டில் நூற்று நாற்பத்தேழு. மொத்தம் முன்னூற்றுப் பதினொன்று.

முனிரத்தினத்தின் முகம் மாறியது. பதினொன்று கூடுதல் எப்படி என்று மேடம் கேட்டுவிட்டு, அங்கே கிடந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். முனிரத்தினம் விரல் விட்டுச் சொன்னார். போதகர் வீடு, மசூதியில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் வீடு, ரேஷன் கடைக்காரர், லைன்மேன், பள்ளிக்கூடத்துப் பெரிய சார், மச்சான்கள் இரண்டு பேர் என்று போய்க்கொண்டே இருந்தது. யாரிடமும் காசு வாங்குவதில்லையாம், அதனால் எழுதவில்லையாம். மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒயர் ஒயர்தான் என்று சொல்லி முன்னூற்றுப் பதினொன்றுக்குக் கையெழுத்து வாங்கினார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார், இந்தப் பக்கத்தில் நாம் எண்ணிய அத்தனை பேரிலும் இவ்வளவு சரியாக எழுதிக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை என்று. அதற்குத் திட்டே தேவலை.

பஜாரில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேடம் சென்னைக்குப் பேசினார். கார்டைத் திறக்க வேண்டும், கணக்கு தவறு என்றார். அங்கிருந்து காரணம் கேட்டார்கள். மேடம் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நான் சொன்னா அது புகார், சார். நீங்க சொல்லுங்க."

சென்னைப் பெரிய அதிகாரியிடம் அதற்கு முன் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பெயரைச் சொன்னேன். தொடாமலே தொட்டதாக டிக் போட்டேன், கேட்டபோது பொய் சொன்னேன், கேபிள்காரர் மேல் தப்பு இல்லை என்று சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. நாளைக்கே கணக்கு முடித்து அனுப்பு என்று மேடத்திடம் சொல்லச் சொன்னார். மேடம் ரிசீவரை வாங்கினார். "சார், அந்த ரிப்போர்ட்ல ரெண்டு கையெழுத்து இருக்கு. கீழே இருக்கிறது என்னோடது. அவரை அனுப்பினா என்னையும் சேர்த்து அனுப்புங்க. முதல்ல கார்டைத் திறங்க" என்றார். பூத்துக்காரர் மீட்டரைப் பார்ப்பதை விட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் முனிரத்தினத்தின் மாடி அறையில், புள்ளி புள்ளியாக இருந்த திரையில் பச்சை மைதானம் வந்தது. கோட் போட்ட இரண்டு பேர் மறுநாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் அதைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். முனையில் நின்ற ஆட்கள் ஒயர் சுருளை டி.வி.எஸ். வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நானும் அழுதேன். பரிமளா டீ கொண்டுவந்து வைத்தார், எனக்கும் சேர்த்து. எண்ணி முடித்தாகிவிட்டதால் மேடமும் குடித்தார்.

சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒன்றரை நாளில் பதினாலு வீட்டுக்காரர்கள் பெரியவரின் ஆட்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் மாறிப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகாமல் ஆம்பூர் போய் அந்தப் பதினாலு வீட்டிலும் ஏறி இறங்கி, கிரிக்கெட் நின்றது என்னால், முனிரத்தினத்தால் அல்ல என்று சொன்னேன். சிலர் டீ கொடுத்தார்கள், சிலர் சேனல்காரன் இப்படியெல்லாம் வருவானா என்று சந்தேகப்பட்டார்கள். ஐந்து வீடு திரும்பியது. ஒன்பது திரும்பவில்லை. அதைப் பற்றி முனிரத்தினம் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.

சென்னையிலிருந்து எனக்கு ஒரு காகிதம் வந்தது, கடுமையான வார்த்தைகளோடு. வேலை போகவில்லை. மேடத்துக்கும் ஒரு காகிதம் வந்தது என்றும், அதனால் அவருக்கு வர வேண்டிய உயர்வு தள்ளிப்போனது என்றும் இரண்டு வருஷம் கழித்து அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் அவர் சொல்லவே இல்லை. போகிற அன்றுகூட, சாக்பீஸ் நிறைய வாங்கி வைத்திருக்கிறேன், மழைக்காலத்தில் நமுத்துப்போகும், டப்பாவில் வையுங்கள் என்றுதான் சொன்னார்.

அடுத்த வருஷக் கணக்குக்கு நான் ஆம்பூர் போனபோது தெருவே வேறு மாதிரி இருந்தது. துணி காயும், தோல் காயும் ஒயர் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் தோல் துண்டு கட்டியிருந்தது. பரிமளாவின் வேலை. சேனல்காரருக்குக் கண்ணு தெரியாது பாவம், அடையாளம் கட்டுங்க என்று தெருவுக்கே சொல்லியிருக்கிறார். நான் நுழைந்ததும் வாசலுக்கு வாசல் சிரிப்பு. அதன் பிறகு வருஷா வருஷம் நான் வருகிற நாளில் சிவப்புத் துண்டு கட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது. எனக்கு வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். என்னைத் துரத்தியிருக்க வேண்டிய தெரு அது.

துண்டு இருந்தாலும் நான் தொடாமல் விட்டதில்லை. என் கடைசிக் கணக்கில், ஒரு வீட்டு ஒயரில் சிவப்புத் துண்டு தொங்கியது, ஆனால் ஒயர் தலை உயரத்தில் இல்லை. பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். டிவியின் முதுகில் போய் முடிந்தது. முனிரத்தினத்தின் மச்சான் வீடு. அவர் தலையைச் சொறிந்தார். நரைத்துப்போயிருந்த முனிரத்தினம் பின்னாலேயே வந்து, "எழுதுங்க சார், மச்சான்னா இன்னா" என்றார். களிம்பு தடவ வேண்டிய தேவை இல்லாத கைகள். தோல் ஆறி, தழும்பு மட்டும் இருந்தது. முன்னூற்று எண்பத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். டீகோடர் போய் வீட்டுக்கு வீடு பெட்டி வைக்கும் பேச்சு அப்போது வந்துவிட்டது. பெட்டியே எண்ணிக் கொடுக்கும், நடக்க ஆள் வேண்டாம் என்று எங்கள் பிரிவை மூடினார்கள். எனக்கும் வயதாகியிருந்தது.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டுக்குப் போன் வந்தது. ஜெயசீலி மேடம். மும்பையில் பெரிய பதவியில் இருந்தார். யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. ரூத்தை விசாரித்தார், முட்டிவலியை விசாரித்தார், ஆம்பூரை விசாரித்தார். முனிரத்தினம் இன்னும் தொழிலில் இருக்கிறார், போன வாரம்தான் எண்ணினேன் என்றேன்.

"சாமுவேல் சார், ரெண்டு முனையும் தொட்டீங்களா?"

அன்று மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொன்ன அதே இரண்டு வார்த்தைதான் இப்போதும் சொல்ல வேண்டியிருந்தது. போனில், மும்பையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"தொட்டேன் மேடம்" என்றேன்.